மில்லர்புரத்தில் ஓர் இங்கிலீஷ் நடிகை காலமானார்

என் சித்தி தன் ஆயுளில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். "ஆமா சித்தி, நீங்க அவளைப் போலத்தான் இருக்கீங்க" என்று நான் ஒருதரம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. ஏழு வயதில் மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றாள், சொல்லவில்லை. என் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் காதோரம் குனிந்து கேட்டாள், அப்போதும் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதாகிற வரைக்கும் அந்த வாக்கியத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பிடிவாதம் பெண்வழியாகத்தான் வருகிறது.

அவளைப் போல என்றால் ஓர் இங்கிலீஷ் நடிகையைப் போல. கறுப்பு வெள்ளைக் காலத்தில் பெரிய ஆள். இன்றைக்குப் பெயரைச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் பெயர் மட்டும் எல்லோருக்கும் பழக்கமான பெயர். எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் தெருவுக்கு நாலு பேருக்கு ஞானஸ்நானத்தில் அதே பெயரைத்தான் வைத்திருப்பார்கள். சித்திக்கும் அதே பெயர்தான். முகம் ஒன்று, பெயரும் ஒன்று, இதற்குமேல் என்ன வேண்டும் என்பது சித்தியின் கட்சி.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்துவைத்தவர் ஒரு கப்பல் கேப்டன். சித்தி அப்போது பழைய துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வயது. காகிதத்தில் கையெழுத்துப் போட வந்த வெள்ளைக்கார கேப்டன் அவள் மேசைக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, அந்த நடிகையின் பெயரைச் சொல்லி, நீ அச்சாக அவளைப் போலவே இருக்கிறாய் என்றாராம். அவ்வளவுதான். கேப்டன் கப்பலேறிப் போய்விட்டார். சித்தி கரையிலேயே மிதக்க ஆரம்பித்தாள்.

என் அம்மா இதை நம்பவே இல்லை. "ரெண்டு மாசம் கடல்ல கிடந்தவனுக்குக் கரையில நிக்கிற கிரேன்கூட நடிகை மாதிரித்தான்ளா தெரியும்" என்பாள்.

சித்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்த கையோடு அந்த நடிகை நடித்த இங்கிலீஷ் படத்தின் காலைக் காட்சிக்குப் போனாள். கதை ஒன்றும் புரியவில்லையாம். இரண்டு மணி நேரம் மூக்கையும் தாடையையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பி, "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த நடிகையின் வாழ்க்கை எங்கள் வீட்டில் வேதாகமத்துக்கு அடுத்தபடி. மாலுமிகள் ஆபீசில் விட்டுப்போன பத்திரிகைகள், நடைபாதைப் பழைய புத்தகக் கடை, எல்லாவற்றிலிருந்தும் சித்தி விவரம் சேர்த்தாள். பள்ளியில் மறைக்கல்வி வினாவிடை எப்படி மனப்பாடமோ அப்படி எனக்கு நடிகையின் சரித்திரம் மனப்பாடம். குளிரான ஒரு கடலோர ஊரில் பிறந்தாள். அப்பா மீன் வறுத்து விற்கிற கடைக்காரர். இந்த இடத்தில் சித்தி ஒருதரம் நிறுத்தி, "பாத்தியா, அவளும் கடக்கரைக்காரிதான்" என்பாள். பதினைந்து வயதில் தொப்பிக் கடையில் வேலை. அப்புறம் நாடகக் கம்பெனியில் தட்டை ஏந்திக்கொண்டு வந்து "வண்டி வந்துவிட்டது" என்று சொல்கிற வேலைக்காரி வேஷம். கதாநாயகிக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. முழு நாடகத்தையும் மறைவிலிருந்து கேட்டே பாடம் பண்ணியிருந்த இவள் மேடையேறினாள். அதன்பிறகு யாரும் அவள் கையில் தட்டைக் கொடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த சமயத்தில் சினிமாவுக்கு வந்தாள். நர்சு வேஷம், பட்டாளத்துக்குப் போனவனின் மனைவி வேஷம், கலங்கரை விளக்கக் காவலாளியின் மகள் வேஷம். அவளுடைய சிறப்பே அழுகைதான். கண்ணில் நீர் தளும்பும், ஆனால் கீழே விழாது. இங்கிலாந்தே அதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கியதாம். சித்தி அதைக் குசினியில் நின்று பழகினாள். கல்யாணமான புதிதில் சித்தப்பா இதைப் பார்த்துப் பதறிப்போய், "வெங்காயத்தை நான் நறுக்குதேன், நீ தள்ளு" என்று கத்தியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கடைசிவரைக்கும் அந்த வீட்டில் வெங்காயம் நறுக்கியது சித்தப்பாதான். எனக்கென்னவோ சித்திக்குக் கிடைத்த ஒரே சினிமா வருமானம் அதுதான் என்று படும்.

நடிகையை அமெரிக்காவில் கூப்பிட்டார்கள். போனாள். முன்பல் வரிசையைச் சரிசெய்தால்தான் படம் என்றார்கள். என் பல் என் பல்தான் என்று அடுத்த கப்பலில் திரும்பிவிட்டாள். சித்திக்கும் ஒரு தெத்துப்பல் உண்டு. பல் டாக்டர் கம்பி போடலாம் என்று சொன்னபோது, சித்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். டாக்டருக்கு ஏனென்று இன்றுவரை தெரிந்திருக்காது.

நடிகைக்குப் புருஷன்மார் மூன்று பேர். முதல் ஆள் டைரக்டர், இரண்டாவது ஆள் பணக்காரன், முத்து மாலையும் முத்துக் கம்மலுமாக வாங்கிப் போட்டவன். மூன்றாவது ஆள் மாட்டு டாக்டர், அவர்தான் நிலைத்தார். இதில் ஒவ்வொரு விவாகரத்துக்கும் சித்தி ஒரு வாரம் சித்தப்பாவோடு பேசமாட்டாள். பாவம், அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணிச் சரிபார்க்கிற குமாஸ்தா. வெயிலில் காய்ந்துவிட்டு வந்தால் ஆறிப்போன சோறு. "அங்கன எவனோ ஒருத்தன் செஞ்ச தப்புக்கு எனக்கு எதுக்கு தண்டனை?" என்று என் அம்மாவிடம் வந்து புலம்புவார்.

நாற்பது தாண்டியதும் அம்மா வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று நடிகை கோபித்துக்கொண்டு கிராமத்துக்குப் போய்க் கழுதை வளர்த்தாள். சித்தியும் ஆபீசில் மேசையைக் கதவோரம் தள்ளிப்போட்டார்கள் என்று வேலையை விட்டாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உடன்குடிப் பக்கம் கழுதை விலைக்கு வருகிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா தன் தாம்பத்திய வாழ்வில் குரலை உயர்த்தியது அன்றைக்கு ஒருநாள்தான்.

அந்த மனுஷன்கூட அவள் கேட்ட வாக்கியத்தைக் கடைசிவரை சொல்லவில்லை. ரொம்ப நெருக்கினால், "மூக்கு மட்டும் கொஞ்சம்" என்பார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூக்கு மட்டும் கொஞ்சம் என்பதோடேயே போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. அம்மாவும் போனபிறகு கேட்பதற்குச் சித்திக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "ஒருதரம் சொல்லிட்டோம்னா அவளைக் கையில பிடிக்க முடியாதுளா" என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்திருந்தாள், அது ஒன்று. இன்னொன்று, என் வேலை அப்படி. நான் ஒரு சரக்குக் கம்பெனியில் கப்பல் பத்திரங்களைச் சரிபார்க்கிறவள். கன்டெய்னர் நம்பரில் ஓர் எழுத்து மாறினாலும், முத்திரை ஒரு நூல் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது. "அவ வெள்ளைக்காரி சித்தி, நீங்க நம்ம ஊர் நிறம்" என்பேன். "கறுப்பு வெள்ளைப் படத்துல எல்லாருமே சாம்பல் நிறந்தான், மூதி" என்பாள். இப்படியே ஐம்பது வருஷம்.

மில்லர்புரத்தில் அவள் தெருவில் அவளுக்குப் பட்டப்பெயரே இங்கிலீஷ் நடிகை. காய்காரர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மணியடிப்பார். கேலியாக ஆரம்பித்தது, பிறகு யாருக்கும் கேலி என்று ஞாபகமில்லாமல் போய்விட்டது.

போன வருஷம் ஒருநாள் காலையில் போன். சித்தி.

"ஏளா, அவ போயிட்டா."

"யாரு?"

"யாருன்னு கேக்கியே. அவதான். தொண்ணூத்தாறு வயசு. தூக்கத்துலயே போயிட்டா. போன்ல நியூஸ் வந்திருக்கு, பெரிய எழுத்துல வச்சுப் படிச்சேன்."

சித்திக்கு அந்த வாரம்தான் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி போட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஓடிப்போனபோது அழாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் தீர்மானித்து வைத்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிப் பூசையை நடிகையின் ஆன்ம இளைப்பாற்றிக்கு வைக்க வேண்டும். போஸ்டர் அடிக்க வேண்டும்.

"போஸ்டர் எதுக்கு சித்தி?"

"ஒரு மனுஷி செத்தா இந்த ஊர்ல செவுத்துல படம் ஒட்டுவோமா மாட்டோமா? போன மாசம் கரண்ட் ஆபீஸ்காரர் மாமியாருக்கே ஒட்டுனாங்க. இவ என்ன அவளைவிடக் கொறஞ்சவளா?"

கண்ணில் மருந்து விட்டிருக்கிறவளிடம் வாதாட முடியாது. சரி என்றேன். வாசகத்தை அவளே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். கண்ணீர் அஞ்சலி. அதன்கீழே பெயர், வெறும் பெயர் மட்டும், ஏனென்றால் பெரிய நடிகைகளுக்கு ஒரு பெயர்தானாம். அதன்கீழே ஆங்கிலத் திரைப்பட நடிகை. மாலை ஆறு மணிக்குத் திருப்பலி. கடைசியில், துயரில் வாடும் குடும்பத்தார், மில்லர்புரம். வயது போட வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது என்றாள்.

"படம்?"

"அலமாரியில ஆல்பம் இருக்கு. எனக்குக் கண்ணு தெரியல. நல்லதா ஒண்ணு நீயே எடு. கோட்டு போட்டு ஓரமாப் பாக்குற மாதிரி ஒண்ணு இருக்கும், அது."

ஆல்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் புரட்டினேன். பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியவை, தபாலில் வரவழைத்தவை, எல்லாம் நடிகை. சித்தி சொன்ன மாதிரியே ஒரு படம் இருந்தது. அகலக் காலர் வைத்த கோட்டு, சுருட்டிவிட்ட முடி, காதில் ஒற்றை முத்துக் கம்மல், கண்ணில் தளும்பி நிற்கிற நீர். ரொம்ப நேரம் பார்த்தேன். அந்தக் கம்மல்தான் இரண்டாவது புருஷன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: இந்த முகம் எங்கே, நம்ம சித்தி எங்கே, என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் இவளோடு தன்னைச் சேர்த்துப் பேசுவாள் என்றும் நினைத்தேன். போனில் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பினேன். விடிவதற்குள் ஒட்டிவிடுகிறோம் அக்கா என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கூட வேலை செய்கிற பெண் போன் பண்ணினாள்.

"அக்கா, நீங்க இன்னிக்கு வர மாட்டீங்கள்லா? நாங்க எல்லாரும் மத்தியானமா சித்தி வீட்டுக்கு வாரோம்."

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரிக்காக இவ்வளவு பேரா என்று. "எதுக்கும்மா சிரமம், சாயங்காலம் பூசைக்கு வந்தாப் போதும்" என்றேன்.

"அடக்கம் எப்பக்கா?"

"அடக்கம் இங்கிலாந்துலம்மா."

"அவ்வளவு தூரம் கொண்டுபோறாவளாக்கா?" என்றாள்.

கூறுகெட்ட பெண் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். டீக்கடை முக்கில் போஸ்டர் ஒட்டியிருந்தது. நிறுத்திப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை, படம் பளிச்சென்று விழுந்திருந்தது. திருப்தியாக இருந்தது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நானும் தலையாட்டிவிட்டுப் போனேன்.

சித்தி தெருவில் ஸ்கூட்டர் நுழைய இடமில்லை. சாமியானா பாதி ஏறியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சவத்தை வைக்கிற குளிர்பெட்டியோடு ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் கையில் ரோஜா மாலையோடு, மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஏனென்றால் வாசற்படியில் கறுப்புக் கண்ணாடியும் நைட்டியுமாகச் சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

நடந்தது பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. விடிந்ததும் போஸ்டரைப் பார்த்த உபதேசியார் கோயிலில் துக்க மணி அடித்திருக்கிறார். சித்தி அந்த மணியைக் கேட்டு, யாரோ பாவம் என்று சிலுவை போட்டு, அந்த ஆன்மாவுக்காக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு இட்லி சாப்பிட்டிருக்கிறாள். இரண்டாவது இட்லியில் கதவு தட்டப்பட்டிருக்கிறது. திறந்தால் எதிர்வீட்டு அண்ணாச்சி. தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், சித்தியோடு அறுபது வருஷப் பழக்கம். சித்தி போய்விட்டாள், வீடு பூட்டிக் கிடக்கும் என்று நினைத்துச் சாவிக்கு ஆள் தேடியவர், எதற்கும் தட்டிப் பார்ப்போம் என்று தட்டியிருக்கிறார். திறந்தவளைப் பார்த்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். குளிர்பெட்டிக்குச் சொல்லிவிட்டவரும் அவர்தான்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். வழக்கம்போல மூக்குக்கு மேல் கோபம்.

"என்ன அண்ணாச்சி இது? பெட்டி, பந்தல்லாம்?"

"தாயி, போஸ்டர் பாத்தோம்லா. சித்தி படம் போட்டு, பேரு போட்டு..."

"சித்தி படமா? யாரு சொன்னா? அது அந்த இங்கிலீஷ் நடிகை அண்ணாச்சி."

"நாங்க இவங்களைத்தானம்மா இங்கிலீஷ் நடிகைன்னு சொல்லுதோம்" என்றார் காய்காரர்.

"அது வேற, இது வேற. செத்தது நெசமான நடிகை. போஸ்டர்ல இருக்கதும் அவதான். கண்ணைத் திறந்து பாருங்க."

அண்ணாச்சி விடவில்லை. "இல்ல தாயி. இது சித்தியோட சின்ன வயசுப் படம். நான் கல்யாணத்துக்கு முந்தியே பாத்தவன். எம்பத்திரண்டு வயசுக்கு இருபது வயசுப் படத்தைப் போட்டிருக்காவளேன்னு நாங்களே பேசிக்கிட்டோம். சித்தி உயில்லயே எழுதி வச்சிருப்பாவன்னு சொன்னேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காய்காரர் கையிலிருந்த போஸ்டரை வாங்கி உயர்த்திப் பிடித்தேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஐம்பது வருசமா அந்த மூஞ்சியை ஆல்பத்துல பாத்து வளந்தவ நான். தினம் நூறு பத்திரம் சரிபாக்கவ. என் கண்ணு தப்பாது. இது சித்தி இல்ல, சித்தி இல்ல, அந்த நடிகைதான்" என்றேன்.

"இங்கன கொண்டா" என்றாள் சித்தி.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குப் பக்கத்தில் போஸ்டரை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தாள். காலரைப் பார்த்தாள், கம்மலைப் பார்த்தாள்.

"இது நாந்தான்ளா" என்றாள் மெதுவாக. "ஆபீஸ்ல சேந்த வருசம் ஸ்டுடியோவுல எடுத்தது. கோட்டு ஸ்டுடியோக்காரனோடது. கம்மல் எங்க அம்மாவோடது. முத்துக் குளிச்ச காலத்துல அப்பா எடுத்துக் கொடுத்தது. அவளோட படத்தைப் பக்கத்துல வச்சு, அது மாதிரியே திரும்பி உக்காந்து எடுத்து, அந்த ஆல்பத்துலயே ஒட்டி வச்சேன். கண்ணுல தண்ணி வர அரை மணி நேரமாச்சு."

அப்போதும் என் வாய் நிற்கவில்லை. அச்சகக்காரனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வேறு போட்டுத் தொலைத்தேன். "ஏம்ப்பா, நான் அனுப்புனது என்ன, நீ அடிச்சது என்ன?" என்றேன். "நீங்க அனுப்புனதே ஒரே ஒரு படந்தானக்கா" என்றான் அவன். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

வெளிச்சம் சரியில்லை என்றேன். படம் பழசு என்றேன். அவசரத்தில் பார்த்தது என்றேன். எதையும் யாரும் கேட்கவில்லை. கூட்டம் சித்திக்கு நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்துவிட்டது. அசல் நடிகையின் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அச்சு அசல் என்றாள் ஒருத்தி. இரட்டைப் பிறவி என்றார் காய்காரர். சித்தி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "துக்க வீட்டுக்கு வந்தவங்க நல்லதுதான் சொல்லுவாங்க, அது ஒரு கணக்கா" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் புரிந்தது. அவள் காத்திருந்தது அந்த வாக்கியத்துக்காக. அந்த இடத்திலும் எனக்கு அது வரவில்லை. தப்பை ஒத்துக்கொள்வது ஒன்று, இதைச் சொல்வது வேறு. அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சரி விடு. மருந்து விடணும்" என்று உள்ளே திரும்பினாள். எண்பத்திரண்டு வயது முதுகு. எனக்குத் திடீரென்று என் மேலேயே வெறுப்பாகப் போய்விட்டது. இந்த ஒரு வாக்கியத்தை இப்படிப் பூட்டிவைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன லாபம் பார்த்தேன்.

"ஆமா சித்தி" என்றேன். "நீங்க அவளைப் போலத்தான் இருக்கீங்க."

சித்தி நின்றாள். திரும்பவில்லை.

"எத்தன நேரம் பாத்த அந்தப் படத்தை?"

"ரொம்ப நேரம் பாத்தேன்."

"எங்கன வச்சு?"

"ஜன்னல் வெளிச்சத்துல."

"பாத்து என்ன நெனச்ச?"

அதையும் சொன்னேன். இந்த முகம் எங்கே, நம்ம சித்தி எங்கே என்று நினைத்ததை அப்படியே சொன்னேன். சித்தி அடிக்கப்போகிறாள் என்று கூட்டம் நினைத்திருக்கும். சித்தி சிரித்தாள். தெத்துப்பல் தெரிய, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "கேட்டியளா அண்ணாச்சி? பந்தலுக்கு அங்கன நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது. ஏளா, இன்னொருதரம் சத்தமாச் சொல்லு" என்றாள். சொல்ல வைத்தாள். குளிர்பெட்டி வேன்காரர் வரைக்கும் கேட்டது. அவர் எதற்கென்று தெரியாமலேயே கைதட்டினார்.

வந்த மாலைகளை வீணாக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நடிகையின் படத்துக்குப் போடச் சொன்னாள். படம் உள்ளங்கையகலம், மாலைகள் ஆளுயரம். போஸ்டரைக் கிழித்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, எவன் கை வைக்கிறான் பார்க்கிறேன் என்றாள்.

சாயங்காலம் ஆறு மணிப் பூசைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. துக்கத்துக்கென்று லீவு போட்டவர்கள், துக்கமில்லை என்றதும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் எல்லோரும் வந்திருந்தார்கள். என் ஆபீஸ் முழுக்க வந்திருந்தது. மீன் வறுத்து விற்றவர் மகளுக்கு, எங்கோ குளிரில் அடக்கமாகப் போகிறவளுக்கு, அவள் கேள்வியே படாத ஓர் ஊரில் அத்தனை பேர் முழங்காலில் நின்றார்கள். புதுச் சாமியார் குழம்பிப்போய் இரண்டு தரம் காகிதத்தைப் பார்த்தார். சித்தி முதல் வரிசையில், கறுப்புச் சேலையில், முத்துக் கம்மலோடு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களெல்லாம் அவளிடம்தான் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவளும் நெருங்கிய சொந்தக்காரி மாதிரித் தலையசைத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் நாங்கள் இரண்டு பேர்தான். அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் யார் யார் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். பார்த்தால் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தளும்பி நிற்கவில்லை, இறங்கிக்கொண்டேயிருந்தது.

"சித்தி, கண்ணு. டாக்டர் அழக்கூடாதுன்னாவ."

"ஏளா, அவ இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். "இப்ப அவளும் போயிட்டா. இனிமே நான் யாரைப் போல இருக்கேன்?"

அவள் கையைப் பிடித்தேன், வீடு வருகிறவரைக்கும் விடவில்லை.